மொரெஸ்கியின் விம்மல்

அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி 1902லும் 1904லும் ரோமில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்த இசைத்தட்டுகள் இருக்கின்றன. வாட்டிகனின் ஸிஸ்டைன் பாடகர் குழுவைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே காயடிக்கப்பட்டதால் மகரக்கட்டு வராமல் போன பாடகர்களில், தனிக்குரலாக இசைத்தட்டில் கேட்கக் கிடைப்பவர் இவர் ஒருவர்தான்.

கேட்டவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ஒன்று, இது மட்டமான பாட்டு. மற்றது, இது அழுகை: ஸ்வரத்தை எட்டுமுன் குரல் ஒருமுறை விம்முகிறதே, அது அறுக்கப்பட்டவனின் துயரம். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் உருகிப்போய்ச் சொல்கிறார்கள். எனக்கு இந்த உருக்கத்தின் மேல்தான் சந்தேகம்.

விம்மல் அக்காலத்துப் பாணி. அந்நாளைய இத்தாலிய டெனர்களின் தட்டுகளிலும் அது உண்டு. அதைக் காயத்தின் ஒலியாகக் கேட்பது, நமக்கு முன்பே தெரிந்திருப்பதை அவர் தொண்டையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிற காரியம்.

காயம் வேறிடத்தில் இருக்கிறது. சபையில் பெண்கள் வாய் திறக்கலாகாது என்று புனித பவுலின் நிருபத்தைக் காட்டித் திருச்சபை அவர்களை ஒதுக்கிற்று. உச்சஸ்தாயிக்கு ஆள் வேண்டும். சிறுவர் குரலோ சில வருஷங்களே நிற்கும். 1589ல் போப்பாண்டவர் ஐந்தாம் ஸிக்ஸ்டஸின் ஆணை புனித பேதுரு ஆலயக் குழுவில் காயடிக்கப்பட்டவர்களுக்கு இடம் தந்தது. காயடிப்பதோ சபை நீக்கத்துக்குரிய குற்றம். 1770ல் இத்தாலியைச் சுற்றிய சார்ல்ஸ் பர்னி, இது எங்கே நடக்கிறது என்று விசாரித்தார். மிலானில் வெனிஸைக் காட்டினார்கள், வெனிஸில் பொலோஞாவை, அங்கே பிளாரன்ஸை, பிளாரன்ஸில் ரோமை, ரோமில் நேப்பிள்ஸை. கத்தி எப்போதும் அடுத்த ஊரில். 1903ல் பத்தாம் பயஸ், இனி உச்சக்குரல்களுக்குச் சிறுவர்களையே கொள்ள வேண்டும் என்றார். பெண்களுக்கு அப்போதும் இடமில்லை.

குரல்வளை சிறுவனுடையதாக நின்றுவிட, மார்புக்கூடு மட்டும் பெரியவனுடையதாக வளர்ந்தது. சிறுவனுக்கு வாய்க்காத அந்த மூச்சும் பலமும் கத்தி செய்தவை. ஆகவே மொரெஸ்கி விம்முகிற இடங்களைவிட, பிசகில்லாமல் மேலேறி நிற்கிற இடங்களில்தான் எனக்குக் குரூரம் கேட்கிறது.

1994ல் வந்த 'ஃபாரினெல்லி' படத்துக்காக ஓர் ஆண் குரலையும் ஒரு பெண் குரலையும் கம்ப்யூட்டரில் இழைத்து இப்படியொரு குரலைச் செய்தார்கள். யாரையும் அறுக்காத குரல். நிம்மதியாக ரசிக்கலாம்.

மொரெஸ்கியிடம் அந்த நிம்மதி கிடையாது. விம்மலுக்கு இரங்குவது சுலபம். உச்ச ஸ்வரம் அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். ஒப்புக்கொண்டால், அந்தக் குரலுக்காகக் காத்திருந்த சபையில் நானும் ஒருவன். இரங்கல் இதிலிருந்து தப்பிக்கிற வழியாகத்தான் எனக்குப் படுகிறது.