மதராசபட்டினம்: வில்லனைக் கழித்தால் மிச்சம் என்ன?

2010ல் வந்த மதராசபட்டினத்தை மறுபடி பார்த்தேன். விஜய் இயக்கம், ஆர்யா, ஏமி ஜாக்சன். துணி வெளுக்கும் இளம்பரிதிக்கும் கவர்னர் மகளுக்கும் காதல், 1947 ஆகஸ்ட் 14 இரவில் வந்து முடிகிறது. டிராம், கூவம், சென்ட்ரல் ஸ்டேஷன்னு பழைய மதராசை உழைச்சுக் கட்டியிருக்காங்க. மொழிபெயர்ப்பாளரா வர்ற கொச்சின் ஹனீபா இன்னைக்கும் சிரிக்க வைக்கிறார். டைட்டானிக், லகான் சாயல் இருக்குன்னு பலரும் சொல்லியாச்சு. அதுல எனக்குப் பெரிய புகார் இல்லை. என் கேள்வி வேற: இந்தக் காதலுக்குத் தடை யார்?

படம் சொல்ற பதில் ராபர்ட் எல்லிஸ். ஏமியைக் கட்டிக்க நிக்கிறவனும் அவனே, பரிதியோட மக்களை மிரட்டுறவனும் அவனே. எல்லாக் கெட்டதையும் ஒரே வெள்ளைக்காரன் தலையில ஏத்தியாச்சு. ப்ரோக்ராம்ல பிழை வந்தா ஒவ்வொரு வரியா கழிச்சுப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி எல்லிஸைக் கழிச்சுப் பாருங்க. காதலுக்குத் தடையே இல்லாமப் போயிடுது! 1947 மதராசில் அது நம்பற மாதிரியா இருக்கு?

பக்கத்துல வச்சுப் பார்க்க ஒரு படம் இருக்கு: மிகல்கோவ் இயக்கிய 'டார்க் ஐஸ்' (1987). செகாவ் கதைகளை வச்சு எடுத்தது. அதுவும் பழைய காலம், அதுவும் இரண்டு நாட்டுக் காதல். இத்தாலிக்காரன் ரொமானோவா மாஸ்ட்ரோயானி. கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். ரஷ்யப் பெண் அன்னாவைத் தேடி ரஷ்யா வரைக்கும் போறான், திரும்பி வர்றேன்னு வாக்குக் கொடுக்கிறான். ஊர் வந்ததும், அங்கே உனக்கு ஒருத்தி இருக்காளான்னு பணக்கார மனைவி கேட்கிறாள். இல்லைன்னு சொல்லிடுறான். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. வில்லனே கிடையாது. அவனோட கோழைத்தனம்தான் தடை. பரிதிக்கும் ஏமிக்கும் அப்படி ஒரு சோதனையே வர்றதில்லை.

நிஜ மதராசில் என்ன நடந்தது? 1920ல் பதினாறு வயது ருக்மிணி தேவி, தன்னைவிட சுமார் 25 வயது மூத்த ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலைக் கல்யாணம் செய்துகொண்டார். அருண்டேல் பிரம்மஞான சபைக்காரர். கொதித்துப் போனது மதராசின் மேல்சாதிச் சமூகம். கடைசியில் கல்யாணம் பம்பாயில் நடந்தது. எதிர்ப்பு நம்ம வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. பின்னாளில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணிக்கே இந்தக் கதின்னா, துணி வெளுக்கிற பையனை ஊர் சும்மா விட்டிருக்குமா?

எங்க பிள்ளையார்பாளையம் தறிக்காரத் தெருவுல கல்யாணப் பேச்சு எடுத்தா, முதல்ல வர்ற கேள்வி "யாரு வகையறா?" என்பதுதான். இந்தக் கேள்வி படத்தில் ஒரு பெரிய தடையா எழுவதே இல்லை. வண்ணார்னா அன்னைக்கு என்ன மரியாதை கிடைச்சது, கிணறு எங்கே, கோயிலுக்குள் எதுவரை போகலாம், எதுவும் கதையைத் தொடலை. வெளுக்கிற தொழில் கண்ணுக்கு அழகான பின்னணியா நிக்குது. பிரியதர்ஷனோட காஞ்சிவரத்தில் தறி அப்படி இல்லை. மகள் கல்யாணப் புடவைக்காக நெசவாளி வாயில் பட்டு இழையை மறைச்சு எடுத்துட்டு வர்றான். தொழிலே அங்கே கதை.

ஒரு காதல் படத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையான்னு கேட்கலாம். நியாயம்தான். ஆனா இந்தப் படமே அந்த வழியில் கொஞ்ச தூரம் போயிருக்கு. அறுபது வருஷம் கழிச்சுப் பாட்டியான ஏமி, பேத்தியோட சென்னைக்கு வர்றாங்க, பத்திரமா வச்சிருந்த தாலியைத் திருப்பிக் கொடுக்க. அங்கே வில்லன் இல்லை. ஒரு கிழவி, மாறிப்போன ஊர், கையில் ஒரு தாலி. படத்தோட உயிர் அந்தப் பகுதிதான். பேத்தி இருக்காங்கன்னா லண்டனில் வேறொரு வாழ்க்கையும் இருந்திருக்கு. அந்த வாழ்க்கைக்குள்ள இந்தத் தாலி எங்கே இருந்தது? இதைக் கேட்டிருந்தா மதராசபட்டினம் இன்னும் பெரிய படமாகியிருக்கும்.