ஸ்னூக்கரும் மெழுகுக் காகிதமும்

முகப்பேரில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு பூல் பார்லரைச் சிபாரிசு செய்தார்கள். மேஜை நன்று. பச்சைத் துணியில் கிழிசல் இல்லை, விளக்கு சரியான உயரத்தில் தொங்குகிறது, நிழல் விழவில்லை. குறை வேறு இடத்தில். கடிகாரம்! மணிக்கு இத்தனை ரூபாய் என்று மீட்டர் ஓடும்போது எவன் யோசித்து ஆடுவான்? பையன்கள் பந்தை அடிப்பதில்லை, விரட்டுகிறார்கள். சாப்பிட சிப்ஸ் பாக்கெட்.

இத்தனைக்கும் ஸ்னூக்கர் நம்ம ஊர் சரக்கு. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்கிற இளம் ராணுவ அதிகாரி பொழுது போகாமல் ஆரம்பித்தது. 1882-ல் ஊட்டி க்ளப்பில் சட்டதிட்டம் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். 1938-ல் ‘தி ஃபீல்டு’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உரிமை கொண்டாடினார். (அதே வருஷம் மியூனிக் போய் ஹிட்லரிடம் கையெழுத்து வாங்கி வந்த பிரதமர் வேறு சேம்பர்லின்.) ‘ஸ்னூக்கர்’ என்றால் உல்விச் ராணுவ அகாடமியில் முதல் வருஷத்துப் பையன், அதாவது கத்துக்குட்டி. அந்த ஊட்டி அறையைப் பார்க்க க்ளப் மெம்பர் யாராவது மனசு வைத்தால்தான் உண்டு.

அமெரிக்காவில், மிஸ்ஸூரியில் கொலம்பியா என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே பூச்சஸ் கடை 1884-லிருந்து இருக்கிறது, ஊட்டி விதிகளுக்கு இரண்டே வயசு இளையது. ஒரே கூரையின் கீழ் பில்லியர்ட்ஸ் மேஜையும் பர்கரும். சின்ன பர்கர்தான். தட்டு கிடையாது, மெழுகுக் காகிதத்தில் வைத்து நீட்டுவார்கள், நம்ம கையேந்தி பவனில் வாழை இலைத் துண்டு மாதிரி. மாணவன் வாத்தியாராகித் திரும்பி வந்தாலும் அதே காகிதம். ஆனால் அங்கேயும் ரொம்ப காலம் பெண்களை உள்ளே விடவில்லை.

சென்னையில் இதற்குக் கிட்டத்தில் வந்தது டிரைவ்-இன் உட்லண்ட்ஸ்தான். பில்லியர்ட்ஸ் இல்லை. ஒரு காபி வாங்கி மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். 1962-ல் திறந்தது, 2008-ல் மூடிவிட்டார்கள். இப்போது செம்மொழிப் பூங்கா. செடிகள் நன்றாக வளர்கின்றன.

2025-ல் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் ஸ்னூக்கரில் உலகப் பட்டம் வென்றார். முகப்பேர் பார்லரில் ஒரு பெண்ணைக்கூட காணோம். அப்பாக்களைக் கேட்டால் ‘அங்கெல்லாம் எதுக்கும்மா?’ என்பார்கள். அந்த இருட்டுப் படிக்கட்டையும் கத்தும் பாட்டையும் பார்த்தபின் எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஓனர் சார், முதலில் படிக்கட்டுக்கு ஒரு ட்யூப்லைட் போடுங்கள். பாட்டைக் குறையுங்கள். போண்டா பிறகு பார்த்துக்கொள்ளலாம்.