கைக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை

மேலிருந்து கீழே ஒரு கோடு, கையை எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் இன்னொன்று: 'ட' முடிந்தது. அதே கையை மேலே ஏற்றினால் 'ப'. ஏறிய இடத்தில் சுழித்து உள்ளே இழுத்தால் 'ம'. எளிய வடிவங்களிலிருந்து எழுத்து சொல்லித்தரும் முறையின் சூட்சுமம் இந்தத் தொடர்ச்சிதான். 'ப'வை வலது முனையில் தொடங்கி எழுதும் பிள்ளைக்கு இந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஒவ்வொரு எழுத்தையும் புதிதாகப் படம் வரைவதுபோல் வரைந்துகொண்டிருக்கும். நோட்டுத் திருத்தும் ஆசிரியர் கண்ணுக்கு அது தெரியாது. அங்கே முடிந்த வடிவம் மட்டும்தானே இருக்கிறது?

சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில் என்ற இந்த வரிசை கல்வியின் மையத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கிடைக்கோடு முன்னே, செங்குத்துக் கோடு பின்னே. மேலது முதலில், கீழது பிறகு. கட்டம் வந்தால் உள்ளிருப்பதை எழுதிவிட்டுக் கடைசியில் மூட வேண்டும். 1997-இல் சீன அரசு 7,000 எழுத்துகளுக்கு இப்படி வரிசை வகுத்து வெளியிட்டது. இதை வெறும் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. வேகமாகக் கூட்டி எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று இழையும். எந்தக் கோடு எதோடு இழையும் என்பதை வரிசைதான் முடிவு செய்கிறது. எல்லோரும் ஒரே வரிசையில் எழுதினால்தான் ஒருவர் கிறுக்கலை இன்னொருவர் படிக்க முடியும். கைப்பேசியில் கோடு கோடாகத் தட்டி எழுத்தைத் தேடுவதும் இதை நம்பித்தான்.

ஆனால் 'சரியான' வரிசை என்று ஒன்றே ஒன்று இருக்கிறதா? மூன்று கிடைக்கோடும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடுமாக இருக்கும் 'அரசன்' எழுத்தை எடுத்துக்கொள்வோம். சீனப் பிள்ளை இரண்டு கிடைக்கோடு போட்டபின் நெடுங்கோட்டை இறக்கும். ஜப்பானியப் பிள்ளை ஒன்று போட்டதுமே இறக்கிவிடும். எழுதி முடித்தால் இரண்டும் ஒன்றுதான். ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958-இல் வெளியிட்ட வழிகாட்டியே, தான் தருவது கற்பித்தலுக்கான வரிசை, மற்றவை தவறென்று பொருளல்ல என்று சொல்லிவைத்தது. அந்த அடக்கம் வகுப்பறைக்குள் வரும்போது காணாமல் போய்விடுகிறது.

திண்டுக்கல்லில் தேர்தல் நேரத்துச் சுவர்களைப் பார்த்தால் இன்னொன்று புரியும். சுவர் எழுதுகிறவர் சுண்ணாம்பு அடித்து, நூல் பிடித்து, பட்டைத் தூரிகையை எடுக்கிறார். 'ண'வை நோட்டில் எழுதுவதுபோல் ஒரே இழுப்பில் எழுதுவதில்லை. நேர்கோடுகளை முதலில் நிறுத்தி, வளைவுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து, ஓரத்தைக் கடைசியில் சீர்செய்கிறார். எழுத்து அச்சுப்போல் நிற்கிறது. பள்ளிக்கூட வரிசை அவருக்குத் தேவைப்படவில்லை. தூரிகைக்கு அதற்கான வரிசை வேறு. பனையோலையில் எழுத்தாணி பிடித்த கைக்கு அதுவும் வேறாகத்தான் இருந்திருக்க வேண்டும். கருவி மாறினால் வரிசையும் மாறும் என்பது என் கட்சி. ஒரு கருவியின் வரிசையை எழுத்தின் ஒழுக்கமாக்குவதுதான் வம்பு.

பேனாவுக்கும் பென்சிலுக்கும் வரிசை அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. ண, ன குழப்பத்தையே பாருங்கள். ஒரே ஓட்டத்தில் எழுதப் பழகிய கை மூன்று சுழியையும் இரண்டு சுழியையும் தாளமாக வைத்துக்கொள்ளும். சுழியைத் தனியாகப் போட்டு ஒட்டுகிற பிள்ளைதான் ஒன்றைக் கூடவோ குறையவோ போட்டுவிடும். தொடக்க மாதங்களில் ஆசிரியர் நோட்டைவிடக் கையைப் பார்ப்பது இதற்காகத்தான் முக்கியம். நிறையப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது எளிதல்ல, உண்மைதான்.

இடக்கைப் பிள்ளைகளின் பாடு தனி. இடமிருந்து வலம் கோடு இழுப்பது வலக்கைக்கு இழுப்பு, இடக்கைக்குத் தள்ளல். எழுதிய இடத்தை அந்தக் கையே மறைக்கும், மையைத் தேய்க்கும். சீன விதியானாலும் நம் பயிற்சி ஏட்டின் அம்புக்குறியானாலும், இவர்களை மனதில் வைத்து எழுதியது இல்லை. அம்பைத் திருப்பிப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு அனுமதி கொடுத்தால் என்ன குடிமுழுகிவிடும்?

இன்னும் வேடிக்கை கொம்பு எழுத்துகளில் இருக்கிறது. 'கொ' எழுதும்போது கொம்பு, ககரம், கால் என்று கை இடமிருந்து வலம் போகிறது. காதில் முதலில் விழுவதோ ககரம். பழைய தட்டச்சுப் பொறி கையின் பக்கம் நின்றது: கொம்பை முதலில் அடிக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை காதின் பக்கம் போனது: மெய்யை அடித்து உயிரை அடித்தால் கொம்பும் காலும் தானே வந்து அமரும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்துவிட்டுக் கணினிக்கு வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இரண்டில் எது சரி என்று கேட்டால், அவரவர் விரல் பழகியதைத்தான் சொல்வார்கள்.