ஆறிய இன்ஜினின் அழகு

ஹோண்டா எஸ்2000 என்றதும், நிமிடத்துக்கு 6,000 சுற்றை நெருங்கும்போது வரும் அந்த அலறலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது வால்வு கவரைத் திறக்கும் நேரம். ஆயில் மினுக்கத்தில் கேம் மேடுகள் மூன்று மூன்றாகத் தெரியும். நடுவில் இருப்பதுதான் பெரியது. ஆயில் அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளி ராக்கர்களைப் பூட்டியதும் அதன் ராஜ்யம்தான்; இந்த ஏற்பாடுதான் விடெக். டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, பார்க்கும் கையை ரசிக்க வேண்டும். இன்டேக் பக்கம் 0.21 முதல் 0.25 மி.மீ. இடைவெளி. ஃபீலர் கேஜ் தகடு நுழையவும் வேண்டும், இழுத்தால் விரலில் லேசான பிடிப்பும் தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பப் பார்க்கும். தேர்ந்த மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்குவார்; இறுக்கியபின் தகட்டை மறுபடி விட்டுப் பார்ப்பார். பதினாறு வால்வுக்கும் இதே நிதானம். அவசரக்காரருக்கு ஆகாத வேலை.

வயதான வண்டியில் விடெக் சோலனாய்டு கேஸ்கெட்டின் ரப்பர் விறைத்து ஆயில் கசியும், அதிலுள்ள சல்லடையில் கசடு படியும். மாற்றுவது சின்ன வேலைதான். பெரிய கேம் எழவே இல்லையென்றால், எதையும் கழற்றுமுன் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள்.