பேயும் மாங்கனியும்: காரைக்கால் அம்மையார் கதையின் கைமாற்றங்கள்

காரைக்கால் அம்மையார் தம் பாடல்களில் மாங்கனியைப் பற்றி எங்கும் பேசவில்லை. அற்புதத் திருவந்தாதி, திருஇரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு என அவர் பெயரில் கிடைத்திருக்கும் 143 பாடல்களும் பதினோராம் திருமுறையில் உள்ளன. அவற்றில் கணவன் இல்லை, வணிகர் வீடு இல்லை. சுடுகாடும் பேய்க்கூட்டமும், நடுவே ஆடுகிற இறைவனும்தான் இருக்கிறார்கள். பதிகங்களை முடிக்கும்போது தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொள்கிறார்.

மாங்கனிக் கதையைச் சொன்னவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். காரைக்கால் வணிகர் மகள் புனிதவதி, நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தன், அவன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகள், அடியார்க்கு இட்டது போக இறையருளால் கையில் வந்த இன்னொரு கனி, அஞ்சிக் கப்பலேறிப் பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்ட கணவன், உடலை உதறிப் பேயுருக் கொண்ட மனைவி என்று பெரியபுராணம் ஒரு வாழ்க்கையைக் கட்டித் தருகிறது. அன்றிலிருந்து அம்மையார் இருவர்: பாடலில் பேய், கதையில் புனிதவதி. யார் யாரை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்ப்பது, ஒரு மண்ணின் கதை எப்படிப் பிழைக்கிறது, எத்தனை பேரைப் பிழைக்க வைக்கிறது என்பதற்கும் விடையாகும்.

சிற்பிகள் எடுத்துக்கொண்டது பேயை. கம்போடியாவில் 967இல் எழுந்த பந்தேய் ஸ்ரே கோயிலின் முகப்புச் சிற்பத்தில், ஆடும் சிவனின் காலடியில் வற்றிய முலையோடு அம்மையார் அமர்ந்திருக்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்துக் கூத்தன் சிற்பத்தின் கீழும் தாளமிட்டபடி அவரே. தாளம் ஏந்திய சோழர் காலச் செப்புத் திருமேனிகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சாஸ் நகரின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. எலும்பும் நரம்புமான ஒரு முதிய பெண்ணுருவை அழகென்று கண்ட கண் அந்தச் சிற்பிகளுடையது.

ஆய்வாளர்களும் அதே வழியில் வந்தார்கள். காரைக்கால் 1954இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டது. அடுத்த ஆண்டு புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம், காரவேலன் பதிப்பித்துப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அம்மையார் பாடல்களை, ழான் ஃபிலியோசா முன்னுரையோடு 1956இல் வெளியிட்டது. எலேன் கிராடக் 2010இலும் காரன் பெச்சிலிஸ் 2012இலும் ஆங்கிலத்தில் தனி நூல்களே எழுதினார்கள். இவர்களுக்கெல்லாம் அம்மையார் முதலில் கவிஞர்.

திரை கதையின் பக்கம் நின்றது. ஏ. பி. நாகராஜனின் 1973ஆம் ஆண்டுப் படத்தில் லட்சுமி புனிதவதியாகவும் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாராகவும் நடித்தார்கள். தமிழ்நாட்டில் பலருக்கு அம்மையார் என்றதும் நினைவுக்கு வருவது சுந்தராம்பாளின் குரல்தான்.

ஊர் வைத்துக்கொண்டது மாங்கனியை. ஆனி மாதம் பௌர்ணமியை ஒட்டிக் கைலாசநாதர் கோயில் தேவஸ்தானம் நடத்தும் விழாவில் மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா, அமுது படையல் என்று பெரியபுராணக் கதையே தெருவில் நடக்கிறது. வீதியுலாவின்போது வேண்டுதல் பலித்தவர்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை விரித்து ஏந்துவார்கள். இல்லறம் அறுந்து உடலையே துறந்த ஒருத்தியிடம் குழந்தை கேட்கிறார்கள். இந்த முரணை ஆய்வாளர் சுட்டலாம், ஊர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சேக்கிழார் தந்த கனியை அது தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது.

அந்தத் தேவையில்தான் தொழில் இருக்கிறது. மாம்பழ வியாபாரி, பூக்கட்டுபவர், பந்தல்காரர், நாகசுரம், தவில் கலைஞர்கள், திருவிழாக் கடைக்காரர்கள் என இந்தக் கதையால் ஆண்டுதோறும் கூலி பெறுபவர்கள் ஒரு பெருங்கூட்டம். கும்பகோணத்தைத் தொட்டு வந்து காரைக்காலில் கடல் சேரும் அரசலாற்றின் நாட்டில் கைவினை ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் நரசிங்கம்பேட்டைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவாமிமலைச் செப்புத் திருமேனிகளும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் முன்பே பெற்றவை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்த குழிவில் உலோகம் ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அடுத்ததற்கு மீண்டும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். சிலை கேட்டு ஆள் வந்தால்தான் பட்டறையில் அடுப்பு எரியும். புவிசார் குறியீடு போலியைத் தடுக்க உதவும், ஆள் கூட்டி வராது. ஆள் கூட்டி வருவது விழா.

ஆய்வுலகம் இந்த இடத்தில்தான் மெலிந்திருக்கிறது. பாடலுக்குப் பதிப்புண்டு, சிலைக்கு அருங்காட்சியகக் குறிப்புண்டு. விழாவைத் தோளில் சுமப்பவர்களின் கணக்கை, யார் எங்கிருந்து வருகிறார்கள், தலைமுறை தலைமுறையாக யாருக்கு என்ன உரிமை என்பதை, அதே அக்கறையோடு எழுதி வைக்க வேண்டும்.

ஆதரவு என்பதைப் பாராட்டு விழாவோடு நிறுத்தாமல் கொள்முதலாக மாற்ற இங்கே வழி இருக்கிறது. மாங்கனித் திருவிழாவை முன்னிட்டு, தாளம் ஏந்திய பேயம்மையாரைச் சிறு செப்புருவங்களாக வார்த்துத் தரச் சொல்லிச் சுவாமிமலைப் பட்டறைகளுக்கு ஆண்டுதோறும் வேலை கொடுக்கலாம். பீடத்தில் வார்த்தவர் பெயரும் இருக்கட்டும். கூடவே 143 பாடல்களையும் எளிய உரையோடு கைக்கடக்கமான நூலாக விற்கலாம். மாம்பழம் வாங்க வரும் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் முன் பேயையும் கொண்டுவந்து வைத்தால், கவிஞருக்கு அவருடைய ஊரிலேயே வாசகர்கள் கிடைப்பார்கள், பட்டறைக்கு அடுத்த ஆனிக்கான வேலை கிடைக்கும்.