லோடு ஏற்றியது யார்?

2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் ஒரு தீர்ப்பு சொன்னது. கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தால் போதும், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத வாடகை வண்டி, சரக்கு வண்டியையும் ஓட்டலாம். தனியாக எழுதி வாங்க வேண்டாம். 'குட்டி யானை' ஓட்டிப் பிழைப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. 'லைசென்ஸ் சரியில்லை' என்று சொல்லி நஷ்டஈட்டில் நழுவ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு இருந்த சந்துகளில் ஒன்று அடைபட்டது. இப்படி ஓட்டுவதால்தான் விபத்து கூடுகிறது என்று வாதாடிப் பார்த்தார்கள். புள்ளிவிவரம் எங்கே என்று கோர்ட் கேட்டது. இல்லை.

அதற்கு முன் 2019-ல் இன்னொரு தளர்வு. எட்டாவது பாஸ் பண்ணினால்தான் லாரி, பஸ் லைசென்ஸ் என்ற விதியை எடுப்பதாக மத்திய அரசு அறிவித்தது. நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறையாம். நியாயம்தான், ஏழாவதோடு நின்றவருக்கு கியர் போட வராதா என்ன?

ஆக, உள்ளே வரும் கதவை அகலமாக்கிவிட்டார்கள். என் புகார் வெளியே தள்ளும் கதவைப் பற்றி.

சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த கமிட்டி 2015-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. குடித்துவிட்டு ஓட்டினால், சிக்னலை மீறினால், அதிவேகமாகப் போனால், ஓட்டிக்கொண்டே செல்போன் பேசினால், ஓவர்லோடு அடித்தால், குறைந்தது 3 மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட். முதல் நாலும் சரி, காலும் கையும் டிரைவருடையது. ஐந்தாவது? நாமக்கல் பக்கம் எந்த டிரைவரையாவது கேளுங்கள், "லோடு ஏத்தினது நானா சார்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார். 'முடியாது' என்று சாவியை நீட்டினால் வாங்கிக்கொள்ள இன்னொருவர் தயாராக நிற்பார்.

ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டியவர் மேலும் போடலாம், ஓட்டச் சொன்னவர் மேலும் போடலாம். பணத்தை ஓனர் கட்டிவிட்டு அடுத்த டிரைவரை ஏற்றி அனுப்புவார். 3 மாதச் சம்பளம் யாருக்குப் போகிறது?

2019 திருத்தத்தில் இன்னொரு வேடிக்கை. தகுதி நீக்கம் ஆனவர் வயிற்றுப்பாட்டுக்கு வண்டியைத் தொட்டால் அபராதம் 500-லிருந்து 10,000 ஆனது. லைசென்ஸ் செல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த ஓனருக்கு? 1,000-லிருந்து 5,000. ஜெயில் மட்டும் இருவருக்கும் 3 மாதம் வரை, சமமாக. கொடுத்தவருக்குப் பாதி, ஓட்டியவருக்கு முழுசு. இது என்ன கணக்கோ!

டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் போட்டாயிற்று. விடிய விடிய ஓட்டிக் கண்ணசந்தால் முதலில் போவது, உயிர் மிஞ்சினால், அவர் லைசென்ஸ்தான்.

பர்மிட் நிபந்தனையை மீறினால் அதை முடக்க மோட்டார் வாகனச் சட்டம் 86-வது பிரிவில் இடமிருக்கிறது. டிரைவர் வீட்டில் உட்காரும் அதே 3 மாதம் வண்டியும் ஷெட்டில் நிற்கட்டும். ஓனர்களே எடைமேடைக்குப் போய் ரசீதைப் பார்த்துவிட்டுத்தான் தார்ப்பாய் கட்டச் சொல்வார்கள்.