எட்டாயிரம் பேரும் ஒரு வைகையும்

நாலடியார் பிறந்த கதையைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். வடக்கே பஞ்சம். 8000 சமண முனிவர்கள் பாண்டிய நாட்டுக்கு வருகிறார்கள். பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்ப நினைத்தால் பாண்டியனுக்கு விட மனசில்லை. ஆளுக்கொரு வெண்பா எழுதி ஆசனத்துக்கடியில் வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுகிறார்கள். கோபத்தில் அரசன் ஏடுகளை வைகையில் எறியச் சொல்கிறான். 400 மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வருகின்றன.

சேக்கிழார் சொல்லி, பரஞ்சோதி முனிவர் விரித்த கதையும் தெரியும். சம்பந்தரோடு புனல்வாதம். சமணரின் ஏடு ஆற்றோடு போகிறது, சம்பந்தரின் ஏடு எதிரேறித் திருவேடகத்தில் ஒதுங்குகிறது. தோற்ற 8000 பேருக்கும் கழு.

அதே ஆறு, அதே எண், அதே எதிரேறும் ஏடு. எது முந்தியது என்ற சண்டைக்கு நான் வரலை. கழுவேற்றத்தை நீலகண்ட சாஸ்திரியே வரலாறாக ஏற்கவில்லை. என் கவலை வேறு. இரண்டு கதையிலும் சமணர் மதுரையில் மிஞ்சுவதில்லை. ஒன்றில் அன்போடு வழியனுப்புகிறோம், இன்னொன்றில் கொல்கிறோம். அன்பான கதை மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அதை யாரும் கேள்வி கேட்பதில்லையே!

கல் வேறு மாதிரி பேசுகிறது. மாங்குளத்தில் 1882இல் ராபர்ட் சீவெல் கவனித்த தமிழிக் கல்வெட்டுகளில் கணி நந்தன் என்ற துறவி இருக்கிறார். பெயரில் வடக்கு வாசனை உண்டுதான். ஆனால் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள்? நெடுஞ்செழியனின் ஆள் ஒருவர், வெள்ளறை வணிகக் குழுவினர். அழகர்மலையில் உப்பு விற்றவர், துணி விற்றவர், கொழு விற்றவர், மதுரைப் பொற்கொல்லர். அப்படியே ஒரு கடைத்தெரு. திருப்பரங்குன்றத்தில் கொடுத்தவரோ எருக்காட்டூர் ஈழக் குடும்பிகன். ஈழத்தோடு தொடர்புள்ளவர் என்று ஐராவதம் மகாதேவன் வாசித்தார். அதாவது வந்தவருக்கு இடம் கொடுத்தவரும் வந்தவர்தான். அவரை யாரும் வந்தேறி என்று சொல்லக் காணோம்.

புராணம் இதைச் சும்மா விடவில்லை. யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றும் சமணர் ஏவிய மந்திர யானை, பாம்பு, பசு என்று திருவிளையாடல் சொல்கிறது. மனுஷங்களை வெளியேற்றியது பத்தாமல் மலைகளையும் பகையாக்கிய கற்பனை. கற்பனை என்ற அளவில் அபாரம், அதை ஒப்புக்கொள்ளணும்.

ஜாம்நகர்ப் பக்கத்து ஓஸ்வால் சமணர்கள் 1899 வாக்கில் பஞ்சத்தின் நெருக்கடியில் கென்யாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கேயும் பஞ்சம்தான் தொடக்கம். பிறகு கடை, சங்கம், பள்ளிக்கூடம், கோவில். 1960, 70களில் பலர் பிரிட்டனுக்குப் போனார்கள். அவர்கள் கதையில் வந்து இறங்கிய நாள் முதல் பக்கம் மட்டுமே. நாலடியார்க் கதையில் வருவதும் போவதும்தான் முழுப் புத்தகம். நடுவில் வாழ்ந்த காலம் ஒரு வரிகூட இல்லை.

இன்றைக்கு மதுரையில் சமணர் என்றால் 'சேட்டுங்களா?' என்று கேட்கிறார்கள். கீழக்குயில்குடியில் காது நீண்ட தீர்த்தங்கரருக்குச் செட்டியார் என்று பெயர், குகைக்குச் செட்டிப்புடவு. மறந்தாலும் உள்ளூர்க்காரர் ஆக்கித்தான் மறந்திருக்கிறார்கள். புலவர்களைவிட இந்த ஊர்க்காரர்கள் நியாயமானவர்கள் என்பேன்.

கழுவேற்றம் நடந்ததாகச் சொல்வது 7ஆம் நூற்றாண்டு. அதே மலையின் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்கள் அதற்கு இருநூறு வருஷமாவது பிந்தியவை. வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் இருக்கும் அந்த உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்து. யார் செய்வித்தது என்று ஒவ்வொன்றிலும் பெயர். அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார். அச்சணந்தி என்ற துறவியின் அம்மா.